ஒரு கதிரை, இரண்டு வேலை: விமானங்கள் வானில் நெருங்கிப்போவது ஏன்?

நுவரெலியா நகரத்துக்கு மேலே நிற்கும் பிதுருதலாகலவை அநேகர் தொலைக்காட்சிக் கோபுரம் உள்ள மலை என்றே அறிவார்கள். 2,524 மீற்றர் உயரமான அந்த உச்சியில் சிவில் விமானப் போக்குவரத்துக்கான இரண்டாம்நிலை ராடார் ஒன்றும் சுழல்கிறது. அதன் கேள்விக்கு விமானத்தில் உள்ள ட்ரான்ஸ்பொண்டர் என்ற கருவி பதில் அனுப்பும். ராடார் அலை நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்தது. கடல் மட்டத்தில் வைத்த அண்டெனாவுக்கு 35,000 அடியில் பறக்கும் விமானம் ஏறத்தாழ 230 கடல் மைல் வரைதான் அடிவானத்துக்கு மேலே தெரியும். அதே அண்டெனாவை 8,281 அடி உச்சிக்குத் தூக்கினால், கணக்குப்படி அந்த எல்லை 340 கடல் மைலைத் தொடும். கருவியின் வலு அதற்கு முன்பே தீர்ந்துவிடும் என்றாலும், பார்வையை மறிப்பது பூமியின் வளைவாக இருக்காது.

இந்த ராடார் காண்பதைத் திரையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் மலையில் இல்லை. கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் உள்ள பிரதேசக் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருக்கிறார்கள். தேயிலை மலைகளுக்கு மேலே வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு வளைகுடாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் இடையே போகும் விமானங்கள் இறங்குவது வேறெங்கோ. இந்த வானைக் கடக்கும்வரை அவற்றைப் பிரித்து வைப்பது இரத்மலானையின் பொறுப்பு. அதற்கு அப்பால் தெற்கிலும் கிழக்கிலும் இந்து சமுத்திரத்தின் பெரும்பரப்பும் கொழும்பின் வான் எல்லைக்குள்தான் வருகிறது. சென்னை, மாலே, ஜகார்த்தா, மெல்போர்ன் ஆகிய நிலையங்களோடு அது எல்லையைப் பகிர்கிறது.

இரண்டு விமானங்கள் மயிரிழையில் தப்பின என்று செய்தி வரும்போதெல்லாம் வானத்தில் நெரிசல் கூடிவிட்டது என்றுதான் முதலில் பேச்சு எழும். விசாரணை அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படும். இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலை, ஏதோவொரு காரணத்தால், கொஞ்ச நேரத்துக்கு ஒருவர் தலையில் விழுந்திருக்கும். பெரும்பாலும் அந்த நேரத்திலேயே ஒரு கருவியும் பழுதாகியோ நிறுத்தப்பட்டோ இருக்கும்.

முதலில் இடைவெளிக் கணக்கு. ராடாரில் தெரியும் உயர்வானில் இரண்டு விமானங்களுக்கு நடுவே பக்கவாட்டில் 5 கடல் மைலோ மேல் கீழாக 1,000 அடியோ இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் போதும். விமான நிலையத்தை நெருங்கும் பகுதியில் பக்கவாட்டு அளவு 3 கடல் மைலுக்குக் குறையலாம். 29,000 அடிக்கு மேலே ஒரு காலத்தில் 2,000 அடி உயர இடைவெளி விடப்பட்டது. உயரமானிகள் துல்லியமானதும் 41,000 அடி வரை அது பாதியாக்கப்பட்டது. வங்காள விரிகுடாப் பக்கம் அது வந்தது 2003இல். அதனால் அதே வானில் முன்னைவிட அதிக விமானங்களை அடுக்க முடிகிறது. கிழக்கே போகிறவை 33,000, 35,000, 37,000 என ஒற்றைப்படை ஆயிரங்களிலும், மேற்கே போகிறவை இரட்டைப்படை ஆயிரங்களிலும் பறக்கும்.

5 கடல் மைல் என்றால் ஒன்பது கிலோமீற்றருக்கும் மேல். கேட்கத் தாராளமாக இருக்கும். ஆனால் மணிக்கு 480 கடல் மைல் வேகத்தில் நேரெதிராக வரும் இரண்டு விமானங்கள் நிமிடத்துக்கு 16 கடல் மைல் நெருங்குகின்றன. அந்த ஐந்து மைல் 19 விநாடிக்குள் கரைந்துவிடும். நெடுந்தூர ராடாரின் அண்டெனா ஒரு சுற்று முடிக்கப் பத்துப் பன்னிரண்டு விநாடி எடுக்கும். அதற்குள் ஒரு விமானம் ஒன்றரை மைல் நகர்ந்திருக்கும். ஆகவே பிரச்சினையைத் திரையில் கண்ட பிறகு தீர்க்கலாம் என்று இருந்தால் காலம் போதாது. வரப்போகும் முட்டலைப் பத்து நிமிடம் முன்னதாக மனத்தில் கண்டு, உயரத்தையோ திசையையோ முன்கூட்டியே மாற்றிவிடுவதுதான் இந்தத் தொழில்.

ராடாருக்கு எட்டாத நடுக்கடலில் முறை வேறு. அங்கே விமானி தரும் இட அறிக்கையையும் அடுத்த புள்ளிக்கு வரும் உத்தேச நேரத்தையும் வைத்து, ஒரே உயரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் விமானங்களுக்கு நடுவே பத்து அல்லது பதினைந்து நிமிடம் விடுவார்கள். மலைநாட்டு ரயில் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டர் கொடுக்கும் டேப்லட் என்ற அனுமதி வில்லையை வாங்காமல் ரயில் அடுத்த நிலையத்துக்குப் புறப்படாதே, அதே தர்க்கம்தான். ரயில் எங்கே நிற்கிறது என்று யாரும் பார்க்கத் தேவையில்லை. அந்தத் துண்டுப் பாதையில் வேறு ரயில் இல்லை என்பது மட்டும் உறுதியாக வேண்டும். மெதுவான முறை, ஆனால் திடமானது. சிக்கல் வருவது எல்லையில்: கடலிலிருந்து ராடார் எல்லைக்குள் வரும் விமானத்தை ஒரு முறையிலிருந்து மற்ற முறைக்கு மாற்றும் இடத்தில்.

ஒரு கட்டுப்பாட்டாளர் ஒரு விமானத்துக்குச் செய்யும் வேலையை எண்ணிப் பாருங்கள். அது வரப்போகிறது என்று பக்கத்து நிலையம் தரும் நேரத்தையும் உயரத்தையும் வாங்க வேண்டும். தன் பகுதியில் ஏற்கெனவே உள்ளவற்றோடு அது எங்கே குறுக்கிடும் என்று பார்க்க வேண்டும். விமானி அழைத்ததும் அடையாளம் உறுதிசெய்து, தேவைப்பட்டால் உத்தரவு கொடுத்து, விமானி அதைத் திருப்பிச் சொல்வதை எழுத்துக்கு எழுத்துக் கேட்க வேண்டும். பிறகு விமானம் சொன்னபடி செய்கிறதா என்று கவனித்து, வெளியேறும் முன் அடுத்த நிலையத்திடம் ஒப்படைக்க வேண்டும். சாதாரண நேரத்தில் இதை இருவர் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் வானொலியில் பேசுவார். மற்றவர் தொலைபேசியில் பக்கத்து நிலையங்களோடு ஒருங்கிணைத்து, வரப்போகும் முட்டல்களை முன்னரே தேடுவார். இரண்டாமவர் எழுந்துபோனால் விமானங்களின் எண்ணிக்கை மாறாது. ஆனால் முன்கூட்டித் தேடும் வேலைதான் முதலில் நின்றுபோகும், ஏனென்றால் வானொலி அழைப்பு காத்திருக்காது. அந்த நிமிடத்திலிருந்து கட்டுப்பாட்டாளர் போக்குவரத்துக்குப் பின்னால் ஓடத் தொடங்குகிறார்.

விமான எண்ணிக்கையைப் பணிச்சுமையின் அளவாகக் கொள்வதில் உள்ள பிழை மலைநாட்டு வானில் நன்றாகத் தெரியும். மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும், இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில், பிற்பகலானதும் மத்திய மலைகளின் மேல் இடிமேகம் எழும்பும். வெப்பமண்டலத்தில் இத்தகைய மேகத்தின் தலை 50,000 அடிக்கும் மேலே போகலாம். பயணிகள் விமானம் அதை ஏறிக் கடக்க முடியாது. சுற்றித்தான் போக வேண்டும். ஒருவர் இடப்பக்கம் 20 மைல் கேட்பார், அடுத்தவர் வலப்பக்கம் 30 கேட்பார். பாதைகள் ஒன்றையொன்று வெட்டாமல் இருக்க வரைந்து வைத்த ஒழுங்கு முழுதும் கலையும். விமானங்களின் எண்ணிக்கை அதேதான், ஆனால் வானொலிப் பேச்சு இரண்டு மூன்று மடங்காகும். உயரத்தால் பிரித்து வைத்திருந்தால் பிழைத்தது. பாதையால் மட்டும் பிரித்திருந்தால் ஒவ்வொரு விலகலும் புதுக் கணக்கு.

இனி, நடந்தவை. 1976 செப்டெம்பர் 10, அன்றைய யூகோஸ்லாவியாவின் சாக்ரெப். உயர்வான் பகுதிக்குப் பொறுப்பானவருக்குத் துணையாளர் இல்லை. வர வேண்டியவர் தாமதம். கீழ்ப் பகுதியிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்த டிசி–9 ரக விமானம் ஒன்று, முறையான ஒருங்கிணைப்பு இல்லாமலே அவருடைய எல்லைக்குள் நுழைந்தது. அது அவரை முதன்முதல் அழைத்தபோது மோதலுக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் மிச்சம். பதறிப்போய் அவர் சொந்த மொழியில் ஏற்றத்தை நிறுத்தச் சொன்னார். விமானம் சொன்னபடியே நின்றது. நின்ற உயரம், பிரித்தானிய ட்ரைடென்ட் விமானம் வந்துகொண்டிருந்த அதே 33,000 அடி. ட்ரைடென்டின் விமானிகளுக்கு அந்தப் பேச்சு புரியவும் வழியில்லை. 176 பேர் இறந்தார்கள். சிறை சென்றது அந்த ஒருவர் மட்டும். பணி அட்டவணை போட்டவர்கள் யாரும் உள்ளே போகவில்லை என்பதைக் கட்டுப்பாட்டாளர்கள் இன்றும் கசப்போடு நினைவுகூருவார்கள். அந்தக் கசப்பில் நியாயம் உண்டு.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் இயூபர்லிங்கன் நகருக்கு மேலே நடந்ததில் நெரிசல் என்று சொல்ல எதுவுமே இல்லை. சூரிச் நிலையத்தில் இரவுப் பணிக்கு இருந்த இருவரில் ஒருவர், அங்கே வழக்கமாகிவிட்டபடி, ஓய்வெடுக்கப் போயிருந்தார். மிஞ்சியவர் இரண்டு திரைகளுக்கு நடுவே அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருந்தார். பராமரிப்பு வேலைக்காகக் குறுங்கால மோதல் எச்சரிக்கை திரையில் காட்டப்படவில்லை. பிரதான தொலைபேசி இணைப்பும் நிறுத்தப்பட்டிருந்தது. மாற்று இணைப்பும் வேலை செய்யவில்லை. தாமதமாக வந்த ஓர் ஏர்பஸ்ஸைத் தரையிறக்க அவர் பக்கத்து விமான நிலையத்துக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் முயன்றுகொண்டிருந்த நேரத்தில், 36,000 அடியில் இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று நோக்கி வந்தன. ஆபத்தை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நிலையம் முன்னரே கண்டது; அவர்களாலும் சூரிச்சைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. சூரிச்சில் இருந்தவர் கவனித்து ரஷ்ய டூபொலெவ் விமானத்தை இறங்கச் சொன்னபோது மோதலுக்கு 43 விநாடி இருந்தது. ஏழு விநாடி கழித்து, அந்த விமானத்தில் இருந்த, மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் டீகாஸ் கருவி ஏறச் சொன்னது. மற்றச் சரக்கு விமானத்தின் கருவி இறங்கச் சொன்னது. டூபொலெவ் விமானிகள் மனிதர் சொன்னதைக் கேட்டார்கள். இரண்டும் சேர்ந்தே இறங்கின. 71 பேர், பெரும்பாலோர் பிள்ளைகள்.

டீகாஸ் கருவியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது தரையை நம்பாது. சுற்றியுள்ள விமானங்களின் ட்ரான்ஸ்பொண்டரைத் தானே கேட்டு, பதிலை வைத்து இன்னும் எத்தனை விநாடியில் சந்திப்பு என்று கணக்கிடும். உயர்வானில் ஏறத்தாழ 48 விநாடி இருக்கும்போது ‘போக்குவரத்து’ என்று எச்சரிக்கும். 35 விநாடியில் ஏறு அல்லது இறங்கு என்று கட்டளையிடும். இரண்டு விமானக் கருவிகளும் தங்களுக்குள் பேசி எதிரெதிர்த் திசையைத் தேர்ந்துகொள்ளும். விமானி ஐந்து விநாடிக்குள் செயல்பட வேண்டும், வானொலியில் ‘டீகாஸ் ஆர்ஏ’ என்று அறிவிக்க வேண்டும். அந்த வார்த்தையைக் கேட்டதும் கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்துக்கு எந்த உத்தரவும் கொடுக்கக் கூடாது. இயூபர்லிங்கனுக்குப் பிறகு இதில் எந்த மயக்கத்துக்கும் இடம் வைக்கப்படவில்லை: கருவியும் மனிதரும் முரண்பட்டால் கருவி சொன்னபடிதான். அதற்கு முந்தைய ஆண்டே ஜப்பானில் ஒரு முன்னறிவிப்பு வந்திருந்தது. 2001 ஜனவரி 31 அன்று, பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளர் 958 என்ற விமானத்துக்குச் சொல்ல வேண்டிய இறங்கும் உத்தரவை 907க்குச் சொல்லிவிட்டார். பெரிய விமானங்கள் இரண்டு உரசாத குறையாகக் கடந்தன. திடீரெனக் கவிழ்த்து விலகியதில் சுமார் நூறு பேர் காயப்பட்டார்கள்.

இந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. தரையிலிருந்து ஏறத்தாழ 1,000 அடிக்குக் கீழே அது கட்டளை தராது. 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் தரையிறங்கவிருந்த பயணிகள் விமானமும் இராணுவ ஹெலிகொப்டரும் மோதியது சுமார் 300 அடியில். 67 பேர் இறந்தார்கள். அன்றும் ஹெலிகொப்டர்களுக்கான பணியும் ஓடுபாதைக்கான பணியும் ஒருவரிடம் இணைக்கப்பட்டிருந்தன. அதே விமான நிலையத்தில் 2021 ஒக்டோபர் முதல் 2024 டிசெம்பர் வரை விமானமும் ஹெலிகொப்டரும் அளவுக்கு மீறி நெருங்கிய 15,214 சந்தர்ப்பங்கள் பதிவாகியிருந்ததை அமெரிக்க விசாரணை வாரியம் பிறகு எடுத்துக் காட்டியது. தகவல் இருந்தது, கூட்டிப் பார்க்க ஆள் இல்லை.

நம்மவர்களுக்கு நேரடியாகப் பட்ட சம்பவம் 2022 ஜூன் 13 அன்று நடந்தது. லண்டனிலிருந்து கொழும்புக்கு 275 பயணிகளோடு வந்த ஸ்ரீலங்கன் யூஎல் 504 துருக்கி வானில் 33,000 அடியில் இருந்தது. 35,000க்கு ஏறும்படி அங்காரா கட்டுப்பாட்டு நிலையம் சொன்னது. அந்த 35,000 அடியிலேயே 15 மைல் தூரத்தில் வேறொரு விமானம் இருப்பதை விமானிகள் கருவியில் கண்டு சொன்னார்கள். விமான நிறுவனத்தின் அறிக்கைப்படி, வழி சரி என்ற பதிலே இருமுறை வந்தது; அதற்குப் பிறகுதான் ஏற வேண்டாம் என்று அவசரமாகச் சொல்லப்பட்டது. மேலே இருந்தது டுபாய் நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் எயார்வேஸ் விமானம். இரண்டுமே கிழக்கே போகிறவை, ஆகவே இரண்டுக்கும் ஒற்றைப்படை உயரமே உரியது. 35,000 யாருக்கு என்பதுதான் கேள்வி. ஏறியிருந்தால் மோதியிருக்கும் என்று அன்று எழுதியவர்கள் மிகைப்படுத்தினார்கள். ஒரே பக்கமாகப் போகும் விமானங்கள் நெருங்கும் வேகம் எதிரெதிராக வருபவற்றைவிட மிகக் குறைவு. டீகாஸும் இடையில் இருந்தது. ஆனால் கட்டுப்பாட்டாளர் விழுந்தால் பிடிக்க வேண்டிய வலைகளில் முதலாவது அன்று விமானியின் சந்தேகமாக இருந்தது. உத்தரவை இருமுறை கேட்டும் நிறைவேற்றாமல் நின்றது எளிதான காரியமல்ல.

மலையகத்தில் விமான விபத்து என்றால் பெரியவர்கள் சொல்வது 1974 டிசெம்பர் 4ஐத்தான். சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளோடு ஜெத்தாவுக்குப் போகும் வழியில் கட்டுநாயக்கவில் இறங்க வந்த மார்ட்டினெயார் நிறுவனத்தின் டிசி–8 விமானம், மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் 4,355 அடி உயரத்தில் மோதி, இருந்த 191 பேரும் இறந்தார்கள். இது இரண்டு விமானங்கள் மோதிய கதையல்ல. ஆனாலும் கட்டுப்பாட்டாளர் எதை வைத்து முடிவெடுக்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இந்தத் தீவில் இல்லை. தான் எங்கே இருக்கிறது என்று விமானம் சொன்னது. 5,000 அடிக்கு இறங்க அனுமதி கிடைத்தது. சில நிமிடங்களில் 2,000 அடிக்கு. விமானி சொன்ன இடம் உண்மையாக இருந்திருந்தால் அந்த உத்தரவு சரிதான். விமானம் நொறுங்கிய இடம் விமான நிலையத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கடல் மைல். தாங்கள் மலைகளைத் தாண்டிவிட்டதாக விமானிகள் நம்பினார்கள் என்பதே விசாரணையின் முடிவு. மலைப்பகுதியில் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் விமானம், 8 கிலோமீற்றர் சுற்றுக்குள் உள்ள மிக உயரமான இடத்துக்கு மேலே 2,000 அடி விட வேண்டும் என்பது சர்வதேச விதி; பிதுருதலாகல அருகே அது 10,000 அடியைத் தாண்டிவிடும். இன்று ராடாரும், விமானத்துக்குள்ளேயே இருக்கும் தரை எச்சரிக்கைக் கருவியும் அந்தப் பிழையை முன்னரே காட்டிக்கொடுக்கும்.

ராடாரில் உயரம் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1996 நவம்பர் 12 சாட்சி. டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டார்கள். புள்ளிகள் இரண்டையும் கட்டுப்பாட்டாளர் கண்டார், எதிரே விமானம் வருகிறது என்று எச்சரிக்கவும் செய்தார். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஸாக் விமானம், மற்ற விமானம் இருந்த 14,000க்கு இறங்கிக்கொண்டிருப்பது மட்டும் அவர் திரையில் இல்லை.

மலைக்கு மேலுள்ள வானைப் பற்றிச் சொன்னதெல்லாம் பள்ளத்தாக்குக்குப் பொருந்தாது. உச்சியில் இருக்கும் ராடாருக்குத் தூரத்து வானம் தெரியும். முகட்டுக்கு அப்புறம் தாழப் பறக்கும் ஹெலிகொப்டர் மலையின் மறைவில் இருக்கும். காசல்ரீ போன்ற நீர்த்தேக்கங்களில் இறங்கும் கடல் விமானங்களும் நுவரெலியாவுக்கு வரும் ஹெலிகொப்டர்களும் பெரும்பாலும் கண்ணால் பார்த்து விலகும் முறையிலேயே பறக்கின்றன. விமானிகள் தங்கள் இடத்தையும் உயரத்தையும் வானொலியில் தாங்களே அறிவித்துக்கொள்வதுதான் அங்கே காப்பு. மூடுபனி இறங்கினால் அதுவும் பாதி. எல்லப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் ஏற்றும் ட்ரோன்களில் ட்ரான்ஸ்பொண்டர் இருப்பதில்லை. ஆகவே ராடாருக்கும் டீகாஸுக்கும் அவை இல்லாத பொருள்.

ஆள் கணக்கு மிச்சமிருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கையின் கட்டுப்பாட்டாளர்கள் பலர் வெளிநாடு போனார்கள். பற்றாக்குறை குறித்து அவர்களின் சங்கம் பகிரங்கமாகவே எச்சரித்தது. இந்த இடத்தை விளம்பரம் போட்டு அடுத்த மாதம் நிரப்ப முடியாது. குறைந்தது 21 வயது, மருத்துவத் தகுதி, ஆங்கிலத்தில் சர்வதேச அளவுகோலின் நான்காம் நிலை, இவற்றுக்குப் பிறகே உரிமம். கோபுரம், நெருங்குவான் (விமான நிலையத்தை நெருங்கும் பகுதி), பிரதேசக் கட்டுப்பாடு ஒவ்வொன்றுக்கும் தனித் தகுதி வேண்டும். அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் அமர்ந்து பார்க்க, உண்மையான போக்குவரத்தில் மாதக்கணக்கில் பழக வேண்டும். அந்த அனுபவசாலியே போய்விட்டால் பயிற்சியும் நிற்கும். இருப்பவர்களின் மேலதிக நேரம் நீளும். பகலில் தனித்தனியாக இருக்க வேண்டிய பகுதிகளை இணைத்து ஒருவரிடம் கொடுப்பது விதிவிலக்கிலிருந்து வழக்கமாகும். கட்டுப்பாட்டாளர்களின் களைப்பை விதிப்படி கையாள வேண்டும் என்று சர்வதேச சிவில் விமான அமைப்பு 2020 நவம்பர் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. விதியைப் பணி அட்டவணையில் காட்ட ஆட்கள் வேண்டும்.

அடுத்த முறை இப்படியொரு செய்தி வந்தால், எத்தனை பயணிகள் தப்பினார்கள் என்பதை விட்டுவிட்டு மற்ற எண்களைத் தேடலாம். மிக நெருங்கியபோது பக்கவாட்டில் எத்தனை மைல், உயரத்தில் எத்தனை அடி. டீகாஸ் கட்டளையிட்டதா, எச்சரித்ததோடு நின்றதா. விசாரணையாளர்கள் இத்தகைய நிகழ்ச்சியை ஏ முதல் டி வரை வகைப்படுத்துவார்கள்: மோதும் ஆபத்து இருந்தது, பாதுகாப்பு உறுதியாக இல்லை, ஆபத்து இல்லை, முடிவுசெய்யத் தகவல் போதாது. அறிக்கை வெளிவந்ததும், அந்தப் பகுதிக்கு எத்தனை பேர் ஒதுக்கப்பட்டிருந்தார்கள், அந்த நிமிடத்தில் கதிரையில் எத்தனை பேர் இருந்தார்கள், எந்தக் கருவி பராமரிப்பில் இருந்தது என்ற பக்கத்தை முதலில் புரட்டுங்கள்.